அங்க அடையாளம் மூன்று

உட்காருங்க சிஸ்டர். உட்கார்றதுக்கு முன்னாடி அந்த சேஃப்டி பின்னைக் கழட்டிடுங்க. பேட்ஜ்ல குத்தியிருக்கீங்களே, அதுதான். பாக்கெட்டுல கத்தரிக்கோல் இருக்குமே? ஜெனரல் ஆஸ்பத்திரியில இருந்து வர்ற நர்ஸ் பாக்கெட்டுல கத்தரிக்கோல் இல்லைன்னா அவங்க நர்ஸே இல்லை. அதையும் இந்த டிராயர்ல போட்டுப் பூட்டுங்க. பேனா இருக்கட்டும். எழுதுறதுதான் இங்கே வேலையே.

நான் மணிமொழி. நீங்க ரெஜினா, பச்சிளங்குழந்தை வார்டுல இருந்து என் இடத்துக்கு வர்றீங்கன்னு ஆர்டர்ல பார்த்தேன். உங்களுக்கு டியூட்டியை ஒப்படைச்சுட்டு இன்னைக்குச் சாயங்காலமே நான் பழையபடி சர்ஜரி வார்டுக்குப் போறேன். அஞ்சு மனு எழுதி வாங்கின ஆர்டர் சிஸ்டர். ஒவ்வொரு மனுவும் நாலு பக்கம். அஞ்சாவது மனுவைப் படிக்கப் பயந்துதான் கையெழுத்துப் போட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

ஆமா, நீங்க யாரோட சண்டை போட்டீங்க? இந்த மனநல வார்டுக்கு யாரையும் சும்மா அனுப்ப மாட்டாங்களே.

என்னது, விரும்பிக் கேட்டு வாங்கினீங்களா? நீங்களாவா? நல்லவேளை, இதை இந்தக் கட்டடத்துக்குள்ள வச்சுச் சொன்னீங்க. டாக்டர் பக்கத்து ரூம்லதான் இருக்கார்.

என் கதை வேற. பெண்கள் சர்ஜரி வார்டுல ரெண்டு பிச்சம்மாள் இருந்தாங்க. ஏழாம் பெட்ல ஒரு பிச்சம்மாள், பதினொண்ணாம் பெட்ல ஒரு பிச்சம்மாள். ஏழுக்கு ஓ பாசிட்டிவ், பதினொண்ணுக்கு பி பாசிட்டிவ். ஒருநாள் பார்த்தா பி பாசிட்டிவ் ரத்தப் பை ஏழாம் பெட் ஸ்டாண்டுல தொங்குது. பேர் சரிதானே, பிச்சம்மாள்தானே, ஏத்துன்னு ஒரு அசிஸ்டெண்ட் புரொபசர் நிக்கிறார். நான் குழாயைக் கையால பிடிச்சுக்கிட்டு விடலை. பேரு, பெட் நம்பர், உள்நோயாளி நம்பர், மூணும் பொருந்தினாத்தான் ஆள்னு சொன்னேன். "நீ டாக்டரா, நான் டாக்டரா?"ன்னு கேட்டார். "நீங்கதான் டாக்டர். ஆனா ரத்தம் உங்களுக்கு ஏத்தப் போறதில்லையே சார்"னு சொன்னேன். பின்னாடி பன்னெண்டு மாணவர்கள். எல்லாருக்கும் கேட்டது.

யார் சொன்னது சரி? நான் சொன்னதுதான் சரி. பிச்சம்மாள் பிழைச்சாங்க. பத்து நாள்ல எனக்கு ஆர்டர் வந்தது, "நிர்வாக நலன் கருதி"ன்னு. நிர்வாகம் அவ்வளவு நலமில்லாம இருந்திருக்கு, நான் இங்கே வந்த பிறகுதான் தேறியிருக்கு போல.

ஊர்ல சொன்னதும் எங்கம்மா கேட்ட முதல் கேள்வி, "பக்கத்து வீட்டுல கேட்டா எந்த வார்டுன்னு சொல்லட்டும்?" அடுத்த கேள்வி, "அடிப்பாங்களா?" இல்லம்மா, அடிக்கிறவங்க எல்லாம் வெளியில இருக்காங்க, அடி வாங்கினவங்கதான் இங்கே இருக்காங்கன்னு சொன்னேன். கல்லூரிப் பேச்சுப் போட்டியில மூணு வருஷம் தொடர்ந்து பல்கலைக்கழகக் கோப்பை எனக்குத்தான். மூணுல ரெண்டு வருஷம் தலைப்பு பெண்ணுரிமை. அந்த மாதிரி வரி எனக்குச் சட்டுன்னு வந்துடும். சொல்லிட்டு மறந்துட்டேன்னு வைங்க. அதைப் பிறகு சொல்றேன்.

முதல் நாள் காலையில பத்து மணிக்கு வார்டுக்குள்ள நுழையறேன். இருபத்திரண்டு கட்டில். இருபத்திரண்டும் காலி! ஓடி வந்து இன்சார்ஜ் ஜெபகனி சிஸ்டர்கிட்ட, "சிஸ்டர், பேஷன்ட் எல்லாரும் ஓடிட்டாங்க!"ன்னு கத்தினேன். அவங்க சாவிக்கொத்தைச் சுத்திக்கிட்டே, "பகல்ல கட்டில்ல படுத்துக் கெடக்க அவளுகளுக்கு என்ன சீக்கா?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் பின்னாடி வேப்பமரத்தடியில உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருக்காங்க.

இங்கே எல்லாருக்கும் எல்லாம் நார்மல் சிஸ்டர். காய்ச்சல் இல்லை, பல்ஸ் சரி, பிரஷர் சரி. புண் இல்லை, கட்டு இல்லை. காலையில மாத்திரை கொடுத்து, நாக்கைத் தூக்கச் சொல்லி முழுங்கிட்டாங்களான்னு பார்த்துட்டா, அப்புறம் என்ன செய்யறது? ஜெபகனி சிஸ்டரைக் கேட்டேன். "பேசு"ன்னாங்க. என்ன பேசறதுன்னு கேட்டேன். "அவ பேசுவா, நீ கேளு"ன்னாங்க. பேசுன்னு சொல்லிட்டுக் கேளுங்கிறாங்க! இதுக்கா நாலு வருஷம் உடற்கூறு படிச்சேன்?

டாக்டர் அதுக்கு மேல. நோயாளி உண்மையில்லாத ஒண்ணை நம்பிச் சொன்னா, ஆமான்னும் சொல்லக்கூடாதாம், இல்லைன்னும் சொல்லக்கூடாதாம். வாதாடவே கூடாதாம். "இது நர்சிங்கா சார், அமைச்சர் பேட்டியா?"ன்னு கேட்டேன். சிரிச்சார். பதில் சொல்ல முடியாதவங்க எல்லாரும் சிரிச்சுத்தான் தப்பிப்பாங்க.

சரி, ஒவ்வொருத்தரையா ஒப்படைக்கிறேன். மத்தவங்களைப் பத்தி எல்லாம் சார்ட்டுல இருக்கு. சார்ட்டுல அடங்காதது ஒண்ணே ஒண்ணு, ஒன்பதாம் பெட், பூரணம். அதோ, மரத்தடியில தனியா, முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்களே, அவங்கதான். வயசு நாப்பத்திமூணு. புளியங்குடிப் பக்கம். புருஷன் சங்கரபாண்டி, எலுமிச்சை மண்டியில மூட்டை தூக்குறவர். இன்னைக்கு வியாழக்கிழமை. நாலு மணிக்கு அவர் வருவார். இப்ப மூணேகால். அதுக்குள்ள சொல்லி முடிக்கணும். நான் சொல்றதை நல்லா கேட்டுக்குங்க, ஏன்னா உங்களால ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கு.

நான் வந்தப்ப பூரணத்தக்கா நல்லா இருந்தாங்க. நல்லா தூங்கினாங்க, சாப்பிட்டாங்க, பாட்டுப் பாடிக்கிட்டே கீரை ஆய்ஞ்சாங்க. ஒரே ஒரு விஷயம். வியாழக்கிழமை தோறும் தூக்குவாளியில இட்லியும் பிளாஸ்க்ல காப்பியும் கொண்டு வர்ற மனுஷன் தன் புருஷன் இல்லைன்னு சொல்வாங்க.

"இவரு வேற ஆளு சிஸ்டரம்மா. எங்க வீட்டு ஆளு மாதிரியே இருப்பாரு. அவிய சட்டையத்தான் போட்டுருக்காரு. ஆனா அவிய இல்ல."

"அப்ப இவர் யார்க்கா?"

"யாரு பெத்த புள்ளையோ, நல்ல மனுசன். அவியளுக்கு இட்லியெல்லாம் அவிக்கத் தெரியாது. இவரு அவிச்சுக் கொண்டாராரு. அவிய என்னைக்குச் 'சாப்பிட்டியா'ன்னு கேட்டாவ?"

இதுக்கு ஒரு நோய்ப் பேர் இருக்கு, சார்ட்டுல பார்த்துக்குங்க. இட்லியை வாங்கிச் சாப்பிடுவாங்க. சிரிச்சுப் பேசுவாங்க. அந்த ஆளும் அழைக்கிற பேருக்கெல்லாம் தலையாட்டிக்கிட்டு, வார்டு கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு, காப்பியை ஆத்திக் கொடுப்பார். வார்டே, "புருஷன்னா இவருல்லா புருஷன்"னு கண்ணு வைக்கும்.

டாக்டர் இவங்களை வீட்டுக்கு அனுப்பறதா முடிவு பண்ணினார். "சார், அந்த நினைப்பு இன்னும் போகலையே"ன்னேன். "முழுசாப் போகாமலும் இருக்கலாம். அதோடயே வாழ முடியும். அந்தம்மாவைக் கேட்டுப் பாருங்க, வீட்டுக்குப் போகச் சம்மதம்தான்"னார். கேட்டேன். பூரணத்தக்கா என்ன சொன்னாங்க தெரியுமா? "வீட்டுல ஒரு ஆம்பள இருக்கணும்லா சிஸ்டரம்மா. அவிய வார வரைக்கும் இவரு இருக்கட்டும். முன்ரூம்ல பாயப் போட்டுப் படுத்துக்கிடட்டும். நா உள்ரூம்ல தாழ் போட்டுக்கிடுவேன்."

நீங்களே சொல்லுங்க சிஸ்டர். வயித்துக்குள்ள பஞ்சை வச்சுத் தைச்சுட்டு, வலி இல்லையே, வீட்டுக்குப் போகலாம்னு சர்ஜரி வார்டுல அனுப்புவாங்களா? கட்டின புருஷனையே யாருன்னு தெரியாத ஒருத்தியை, குணமாச்சுன்னு கையெழுத்துப் போட்டு அனுப்புவாங்களாம். நான் ஏழாம் பெட் பிச்சம்மாளுக்காகத் தண்டனை வாங்கினவ. ஆள் அடையாளத்துல எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஜெபகனி சிஸ்டர்கிட்ட, "ஒரே நாள்ல நான் புரிய வச்சுடறேன்"னேன். "அதுக்கு மாத்திரை இருக்கு. உன் வாய் அந்த லிஸ்ட்டுல இல்ல"ன்னாங்க. அவங்களுக்கு என் மேல பொறாமைன்னு அப்ப நினைச்சேன். இப்பவும் கொஞ்சம் நினைக்கிறேன்.

சரியா ஏழு வாரத்துக்கு முன்னாடி, இதே மாதிரி வியாழக்கிழமை. மறுநாள் அவங்களை வீட்டுக்கு அனுப்பணும். மத்தியானம் பூரணத்தக்காவை இந்த நாற்காலியில, நீங்க உட்கார்ந்திருக்கீங்களே இதே நாற்காலியில, உட்கார வச்சேன்.

"அக்கா, உங்க வீட்டு ஆளுக்கு அங்க அடையாளம் சொல்லுங்க. சர்ட்டிபிகேட்டுல கேட்பாங்களே, அந்த மாதிரி. வேற எவனுக்கும் இருக்க முடியாத மாதிரி மூணு அடையாளம்."

யோசிச்சு யோசிச்சுச் சொன்னாங்க. நான் வரிசை போட்டு எழுதினேன். ஒண்ணு, இடது புருவத்தைக் குறுக்கே வெட்டின தழும்பு. ரெண்டு, வலது கை சுண்டுவிரல் மடங்காது. மூணு, வலது மணிக்கட்டுல உள்பக்கம் பல் பதிஞ்ச வடு.

"யார் பல்லுக்கா?"

"எம் பல்லுதான். மேல ரெண்டு, கீழ மூணு."

எழுதிக்கிட்டேன். அருமையான அடையாளம்! புருவத் தழும்பு நூறு பேருக்கு இருக்கும். இவங்க பல்லு வேற யார் கையில இருக்கப் போகுது? "மூன்று: வலது மணிக்கட்டில் பற்குறி, மனைவியுடையது." அடிக்கோடு கூடப் போட்டேன்.

நாலு மணிக்கு அவர் வந்தார். நல்ல வெயில். அந்த வெயில்ல முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரைக்கும் பொத்தான். எப்பவும் அப்படித்தான் வருவார். பூட்டைத் திறந்து வார்டுக்குள்ளயே கூப்பிட்டேன். புருவம், சரி. சுண்டுவிரல், சரி. பூரணத்தக்கா அசையலை. "தழும்பு யாருக்கும் இருக்கும், வெரலு யாருக்கும் ஒடியும்"னாங்க. சபாஷ், நல்ல எதிர்வாதம்தான். எனக்கு உற்சாகம் வந்துடுச்சு. "சட்டைக்கையை மடிங்க"ன்னு அவர்கிட்ட சொன்னேன்.

அந்த ஆள் என்ன செய்தார் தெரியுமா? கையை முதுகுக்குப் பின்னாடி கொண்டுபோனார்.

"விடுங்க சிஸ்டர். அவ என்னய யாருன்னு நெனைக்காளோ, அவனாவே இருந்துட்டுப் போறேன்."

"என்ன சார் பேசறீங்க? கட்டின பொண்டாட்டி உங்களை யாரோன்னு நினைச்சா பரவாயில்லையா?"

"எனக்கு அந்த ஆளா இருக்கது நல்லாத்தான் இருக்கு. அவ கல்யாணமாகி இருவது வருசத்துல இப்பதான் எம் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கா. விடுங்க சிஸ்டர், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

உண்மைக்கு என்ன மதிப்புன்னு இந்த மாதிரி ஆளுங்களுக்குத் தெரியறதில்லை. ஒரு சொற்பொழிவே ஆத்தினேன். பொய்யோட அஸ்திவாரத்துல குடும்பம் நடத்த முடியுமான்னு கேட்டேன். அந்த வரியும் கோப்பை வாங்கின வரிதான். அவர் பொத்தானைக் கழட்டி, சட்டைக்கையை மடிச்சு, கையை நீட்டினார்.

மேல ரெண்டு, கீழ மூணு.

பூரணத்தக்கா கிட்டே வந்து பார்த்தாங்க. அந்தக் கையைப் பிடிச்சு மெதுவாத் தூக்கி, வாய்க்கிட்ட கொண்டுபோய், வடு மேல தன் பல்லை வச்சுப் பார்த்தாங்க சிஸ்டர். பொருந்திப்போச்சு. சாவி பூட்டுல விழற மாதிரி. நான் சார்ட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சேன்: "மாலை 4.20. நோயாளி தன் கணவரைச் சரியாக அடையாளம் கண்டுகொண்டார்." எழுதி முற்றுப்புள்ளி வச்சு நிமிர்ந்து பார்க்கிறேன். அந்தம்மா தன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல குத்தவச்சு, ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டு, "அடிக்காதிய, அடிக்காதிய"ன்னு சொல்லிக்கிட்டிருக்காங்க.

அந்த ஆள் நின்ன இடத்துலயே நின்னார். நீட்டின கையைக்கூட மடக்கலை. பிளாஸ்க் மேசை மேல இருந்தது.

அப்புறம் என்ன, அனுப்பறது ரத்து. ஜெபகனி சிஸ்டர் என்னைத் திட்டியிருந்தா பதிலுக்கு நாலு கேள்வி கேட்டிருப்பேன். திட்டலை. சம்பவப் பதிவேட்டை எடுத்து என் முன்னாடி வச்சு, "நீயே எழுது. உனக்குத்தான் நல்லா வருமே"ன்னுட்டுப் போயிட்டாங்க. டாக்டர் இந்த முறை சிரிக்கலை.

அஞ்சு நாள் பூரணத்தக்கா அந்த இடுக்கை விட்டு வரலை. நாளுக்கு ரெண்டு வாய் தண்ணிக்கு மேல இறங்கலை. கடைசியில மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் கஞ்சி கொடுக்கணும்னு ஆச்சு. யார் போட்டா? நான்தான். குழாய் போடறதுல என்னை யாரும் அடிச்சுக்க முடியாது சிஸ்டர். ஒரே தடவையில, இருமல்கூட வராம இறக்கினேன். இந்த வார்டுக்கு வந்து நான் செய்த முதல் உருப்படியான நர்சிங் வேலை. அந்தம்மா கண்ணுல தண்ணி வழிஞ்சது. குழாய் இறங்கும்போது எல்லாருக்கும் வர்றதுதான்.

ரெண்டு நாள் கழிச்சு வாய் வழியாச் சாப்பிட ஒப்புக்கிட்டாங்க. குழாயை உருவும்போது அவங்களே சொன்னாங்க. நான் ஒண்ணும் கேட்கலை.

"கழுத்தப் பிடிச்சுக்கிட்டிருக்க கையில வேற எங்க சிஸ்டரம்மா கடிக்க முடியும்? மணிக்கட்டுதான் வாய்க்கு எட்டும்."

அவ்வளவுதான். அப்புறம் தண்ணி கேட்டாங்க, கொடுத்தேன்.

நீங்க அப்படிப் பார்க்காதீங்க. அங்க அடையாளம் எழுதற படிவத்துல அது எப்படி வந்ததுன்னு எழுத எங்கேயாவது இடம் இருக்கா? பிறந்த மச்சமா, விழுந்த காயமா, யாராவது கேட்கிறாங்களா? அடையாளம் சரியா, இல்லையா? அதுதான் கேள்வி. அடையாளம் சரி. இவர்தான் அவர். அதை நிரூபிச்சேன். ஒரு பொய்கூடச் சொல்லலை. பேச்சுப் போட்டியில நடுவரா இருந்திருந்தா யார் பக்கம் தீர்ப்புச் சொல்வீங்க? சொல்லுங்க.

சொல்ல வேண்டாம், விடுங்க.

அடுத்த வியாழன் அவர் மறுபடியும் வந்தார். அதே தூக்குவாளி, அதே பிளாஸ்க். நான் விடுவேனா? கேட் பக்கத்துலயே மறிச்சுக் கேட்டேன். "ஏன் அடிச்சீங்க? எத்தனை வருஷம் அடிச்சீங்க? இனிமே அடிக்க மாட்டேன்னு என்ன உத்தரவாதம்? எழுதிக் கொடுங்க"ன்னேன். இவ்வளவு நாள் இட்லியைப் பார்த்து ஏமாந்துபோன கோபம் முழுக்க அவர் மேல இறக்கினேன். அவர் தலையைக் குனிஞ்சே நின்னு கேட்டார்.

"எழுதியெல்லாம் குடுக்க மாட்டேன் சிஸ்டர். எழுதிக் குடுத்துட்டு அடிச்சவனையும் எனக்குத் தெரியும். பதினாலு மாசமாக் குடிக்கல. நேத்துக் குடிக்கல, இன்னைக்குக் குடிக்கல. நாளைக்குப் பத்தி நாளைக்குத்தான் சொல்லுவேன்."

"அப்ப அந்தப் பழைய ஆளும் நீங்கதானே?"

"அதத்தான் நீங்க நிரூபிச்சுட்டியளே."

குத்திக்காட்டறார் பாருங்க. என்னை!

அன்னையில இருந்து பூரணத்தக்கா வியாழக்கிழமை ஆனா ஒரே கேள்விதான். நாலு மணிக்கு அந்த மரத்தடியில இருந்து எழுந்து, இந்தக் கதவு வரைக்கும் வந்து, கண்ணை மூடிக்கிட்டு நிப்பாங்க. "இன்னைக்கு வந்துருக்கது யாரு?"ன்னு கேப்பாங்க. கம்பிப் பக்கம் திரும்ப மாட்டாங்க. நம்ம வாயில இருந்து வரணும்.

முதல் வாரம், "உங்க வீட்டுக்காரர்தான்க்கா"ன்னேன். இடுக்குக்குள்ள போயிட்டாங்க. ரெண்டாம் வாரம் ஜெபகனி சிஸ்டர், "ஒன்னப் பாக்க ஒரு ஆளு வந்திருக்காரு பூரணம்"னு பட்டும் படாம சொல்லிப் பார்த்தாங்க. "நீங்க இவியளக் காப்பாத்துதிய"ன்னு சொல்லிட்டு பூரணத்தக்கா மறுபடியும் இடுக்குக்குள்ள போயிட்டாங்க. டாக்டர் வந்து பேசினார். ஆயா சொல்லிப் பார்த்தாங்க, "அந்த நல்ல மனுசன்தான் தாயி"ன்னு. அதுக்கு அவங்க, "சிஸ்டரம்மா பல்லு வச்சுக் காட்டிட்டாவளே, பொறவு எப்படி?"ன்னு கேட்டாங்க. ஆயா என்னைப் பார்த்தாங்க. வார்டே என்னைப் பார்த்தது.

டாக்டர் சொல்றது இதுதான்: இப்படியே போனா பூரணத்தை இங்கே வச்சிருக்க முடியாது, பெரிய மனநல மருத்துவமனைக்கு அனுப்பிடணும். அங்கே போனவங்களை யார் போய் வியாழக்கிழமை பார்க்கிறது? இட்லி அவ்வளவு தூரம் தாங்குமா? அடுத்த வாரம் முடிவு எடுக்கணும். அடுத்த வாரம் நான் இருக்க மாட்டேன். அதனாலதான் இன்னைக்கே.

நான் நல்லா யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். பொய் சொல்லாத வழி. பொய் சொல்றவளா இருந்தா என்னை இங்கே தூக்கிப் போட்டிருப்பாங்களா, எனக்கு எதுக்கு சிஸ்டர் அஞ்சு மனு?

இந்த வார்டுல எல்லாருக்கும் அந்த ஆளைத் தெரியும். எல்லாரும் ஒரு பக்கம் சாய்ஞ்சாச்சு. அதனால யார் சொன்னாலும் அவங்க நம்பறதில்லை. புதுசா ஒருத்தர் வேணும். அவரை முன்னே பின்னே பார்க்காதவங்க, பல்லைப் பத்தியும் பதினாலு மாசத்தைப் பத்தியும் ஒண்ணும் தெரியாதவங்க. பூரணத்தக்கா "வந்துருக்கது யாரு?"ன்னு கேட்டா, அந்தப் புது ஆள் கம்பி வழியாப் பார்த்துட்டு, மனசறிஞ்சு, "எனக்குத் தெரியலையேம்மா, நான் இன்னைக்குத்தான் வந்தேன்"னு சொல்லணும். அது பொய்யா? பொய்யே இல்லை. சத்தியமான வார்த்தை. யாரும் ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. டாக்டர் கேட்டது அதுதானே? நீங்கதான் அந்தப் புது ஆள். உங்களுக்குத்தான் ஒண்ணும்...

ஏன் சிஸ்டர் சிரிக்கிறீங்க?

ஐயோ.

இல்ல, இருங்க. நீங்க கேட்டதையெல்லாம் மறந்துடுங்க. முடியாதா? கொஞ்சம் முயற்சி பண்ணுங்க. பேரை மட்டுமாவது... கடவுளே. முக்கால் மணி நேரமா உட்கார்ந்து, இந்த ஜில்லாவுலயே அந்த ஆளைப் பத்தி ஒண்ணும் தெரியாத ஒரே நர்ஸுக்கு, மேல ரெண்டு கீழ மூணு வரைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கேன். நீங்களாவது நடுவுல நிறுத்தியிருக்கலாமே? "அவ பேசுவா, நீ கேளு"ன்னு யாராவது உங்ககிட்டயும் சொல்லி அனுப்பினாங்களா?

மணி அடிச்சுட்டாங்க. நாலு.

அதோ வர்றார் பாருங்க. முழுக்கைச் சட்டை... இல்ல, இன்னைக்கு அரைக்கை. வடுவைத் திறந்து போட்டுக்கிட்டு வர்றார். இந்த ஆளுக்கு யார் சொன்னது இப்படி வரச் சொல்லி? நான் ஒண்ணும் சொல்லலை.

அவங்களும் எழுந்துட்டாங்க. இங்கேதான் வர்றாங்க. நீங்க எழுந்து நில்லுங்க சிஸ்டர். முகத்தைக் கொஞ்சம் ஒண்ணும் தெரியாத மாதிரி வச்சுக்குங்க. இல்ல, உங்ககிட்ட வரலை. என்கிட்டதான் வர்றாங்க. அந்த முதல் வாரத்துக்கு அப்புறம் என்கிட்ட கேட்காதவங்க.

"என்னக்கா?"

"இன்னைக்கு வந்துருக்கது யாரு சிஸ்டரம்மா? நீங்கதான கண்டுபிடிச்சிய. நீங்களே சொல்லுங்க."

...

"தெரியலக்கா."

"தெரியலயா?"

"எனக்குத் தெரியலக்கா. கையில இருக்கிற வடு உங்க வீட்டு ஆளோடதுதான். அது தெரியும். ஆள் யாருன்னு எனக்குத் தெரியலை."

அப்படிப் பார்க்காதீங்க சிஸ்டர், நான் பொய் சொல்லலை. யோசிச்சுப் பாருங்க, எனக்கு என்ன தெரியும்? நாளைக்குப் பத்தி அவருக்கே தெரியாதாம்...

அவங்க கண்ணைத் திறந்துட்டாங்க. கம்பிக்கிட்ட போறாங்க. தள்ளி நிக்கிறாங்க, ரெண்டு கை தூரம், ஆனா நேராப் பார்க்கிறாங்க. சாவி என்கிட்டதான் இருக்கு. திறக்கப் போறதில்லை. அவங்க சொன்னாத்தான் திறப்பேன். கேளுங்க, என்னமோ கேட்கிறாங்க.

"ராத்திரி கதவ யாரு தாழ் போடணும்?"

"நீதான். உள்பக்கமா."

"எங்கக்கா வீட்டுக்குப் போகணும்னா?"

"போ. பஸ்ஸு ஏத்தி விடுதேன்."

"கூட வருவியளா?"

"வராதன்னா வரமாட்டேன்."

மூணு அடையாளம் நான் கேட்டேன் சிஸ்டர், வரிசை போட்டு, அடிக்கோடு போட்டு. இவங்க கேட்கிறதைப் பாருங்க. ஒண்ணுகூட உடம்புல இருக்கிறது இல்லை.

"கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னா என்ன செய்விய?"

சரியான கேள்வி. இதுக்கு என்னத்தைச் சொல்வார்? தலையைச் சொறியறார். வாயைத் திறந்து மூடறார். சட்டுன்னு சொல்லியிருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன்.

என்ன, ரிலீவிங் ஆர்டரா? எத்தனை மணிக்கு என்னை விடுவிச்சதாப் போடறதுன்னா? பேனாவைக் கீழே வைங்க சிஸ்டர். உஷ், பேசாதீங்க. அவர் இன்னும் பதில் சொல்லலை.